மலை ரோஜா மணிகண்டத்தில் ஏன் நிலைக்கவில்லை?

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

திருச்சியை அடுத்த மணிகண்டம் பகுதியில் கிழக்குப் பார்த்த வீடு கட்டிக் குடிபுகுந்திருப்பதாகவும், சென்ற ஆண்டு மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போனபோது ஆறு ரோஜாச் செடிகளை வாங்கி வந்து வீட்டின் வடபுறச் சந்தில் நட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆடிக்குள் நான்கு செடிகள் காய்ந்துவிட்டன. எஞ்சிய இரண்டில் ஒன்று ஆளுயரம் வளர்ந்தும் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. மற்றொன்று இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. மார்கழியில்கூடப் பூக்கவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். சுவாமிக்கும் தலைக்குமாகத் தினம் நாலு பூவாவது கிடைக்க வேண்டும். அதற்கு எந்த ரோஜாவை வாங்கலாம், எங்கே வைக்கலாம், மாடியில் தொட்டியில் வைத்தால் வருமா என்பன உங்கள் கேள்விகள். செடியைப் பற்றி முதலில் கேட்டு, இடத்தைப் பற்றிப் பிறகு கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊர் வெயிலுக்கு இந்த வரிசையை மாற்றிக்கொள்வதுதான் சரி என்பதால், நானும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன், இறந்துபோன செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதப் பகலிலும் அங்கே வெப்பம் 23 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். 1995இல் அமைக்கப்பட்டு, 2006இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு விருது பெற்ற அங்கேயுள்ள ரோஜாப் பூங்காவில் நீங்கள் பார்த்து மயங்கிய பூக்களின் அளவுக்கும் நிறத்துக்கும் அந்தக் குளிர்ச்சியே பாதிக் காரணம். அந்தக் காற்றில் துளிர்த்த மெல்லிய இலைகளோடும், சிறு பையில் அடங்கிய வேரோடும் ஒரு செடியைக் கொண்டுவந்து, 40 பாகையைத் தொடும் கத்திரி வெயிலில் புது மண்ணில் நட்டால், இலை இழக்கும் நீரை வேரால் ஈடுகட்ட முடியாது. தினம் இரண்டு வேளை நீர் ஊற்றியும் காய்ந்துவிட்டது என்கிறீர்கள். நீர் மண்ணில் இருந்தது. அதை எடுத்துக்கொடுக்கும் வேர்தான் இன்னும் உருவாகவில்லை. ஆகவே அது உங்கள் கவனக்குறைவு அல்ல. வாங்கிய மாதமும் வாங்கிய ஊரும் செடிக்கு எதிராக இருந்தன.

இப்போது இடம். வடபுறச் சந்து நிழலாக இருக்கிறது என்று எண்ணி அதைத் தேர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் அந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்தது தை, மாசியாக இருக்க வேண்டும். திருச்சி ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் நான்காம் வாரத்தில்தான் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் வடக்குச் சந்தில் நண்பகல் வெயில் தடையின்றி விழும்; போதாக்குறைக்கு மதில் சுவரின் சூடும் சேர்ந்துகொள்ளும். மார்கழியிலோ நிலைமை தலைகீழ். அப்போது நண்பகல் சூரியன் தென்வானில் சுமார் 56 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. கைப்பிடிச் சுவரோடு சேர்த்து உங்கள் வீடு 13 அடி என்று கொண்டால், அதன் நிழல் வடக்கே ஏறக்குறைய 9 அடி விழும். உங்கள் சந்தின் அகலமோ 5 அடி. சமவெளியில் ரோஜா தன் நல்ல பூக்களைத் தருவது மார்கழி முதல் மாசி வரைதான். அந்த மாதங்களில் நிழலையும், வேண்டாத மாதங்களில் முழு வெயிலையும் கொடுக்கும் இடத்தில் செடி இருந்திருக்கிறது. மார்கழியில் ஏன் பூக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேடத் தேவையில்லை.

நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் வீட்டின் முன்புறம், அதாவது கிழக்குச் சுவருக்கும் மதிலுக்கும் இடையே 7 அடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் இருப்பதாகவும், அதில் குரோட்டன்ஸ் செடிகள் நிற்பதாகவும் குறித்திருக்கிறீர்கள். ரோஜாவுக்கு உரிய இடம் அதுதான். காலை ஏழு மணி முதல் ஏறக்குறைய ஒரு மணி வரை அங்கே வெயில் விழும். பிற்பகல் இரண்டு மணிக்குள் வீட்டுச் சுவரின் நிழல் 5 அடி தூரம் நீண்டு செடிகளை மூடிவிடும். ரோஜா பூக்க ஆறு மணி நேர வெயில் வேண்டும் என்று சொல்வது எல்லா ஊருக்கும் பொருந்தும். ஆனால் அந்த ஆறு மணி நேரம் முற்பகலைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது நம்மைப் போன்ற வெப்ப நிலத்தாருக்கு மட்டும் உரிய நிபந்தனை. இலையில் படிந்த பனியையும் ஈரத்தையும் காலை வெயில் சீக்கிரமே உலர்த்திவிடுவதால் கரும்புள்ளி நோயும் குறையும். குரோட்டன்ஸ் எங்கே வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும்; அவற்றை வடக்குச் சந்துக்கு மாற்றிவிடுங்கள். செடிகளை வீட்டுச் சுவரிலிருந்து 2 அடி தள்ளியே நட வேண்டும். சுவரை ஒட்டி நட்டால் பகல் முழுவதும் சிமெண்ட் வாங்கிய வெப்பத்தை இரவில் செடி வாங்கும். ரோஜா பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கத்துக்கே அதிகம் இளைக்கிறது.

பின்புறமான மேற்குப் பக்கம் துவைக்கிற கல் பக்கத்தில் இடம் நிறைய இருந்தாலும், இப்போதைக்கு அங்கே ரோஜா வேண்டாம். பிற்பகல் வெயிலோடு, ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து உங்கள் பக்கம் வீசும் வறண்ட காற்றும் அங்கே நேராக அடிக்கும். அந்தக் காற்று மொட்டின் நுனியைக் கருக்கிவிடும். பிடிவாதமாக அங்கும் வேண்டும் என்றால், பாத்திக்கு மேற்கே 4 அடி தள்ளிக் கம்பி கட்டிக் கோவைக்காய்க் கொடியைப் படர விடுங்கள். சித்திரையில் அது தழைத்து நின்று வெயிலையும் காற்றையும் தடுக்கும். கார்த்திகையில் அதை வெட்டிவிட்டால் ரோஜாவுக்கு வேண்டிய வெயில் கிடைக்கும். நடுவில் சமையலுக்குக் காயும் ஆகும். முருங்கை வைக்கலாமே என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நிழல் இதமானதுதான், ஆனால் ஆடிக்காற்றில் கிளை முறிந்து செடியின் மேல் விழும், கம்பளிப்பூச்சி காலத்தில் பூப்பறிக்கப் போகவே தயங்குவீர்கள்.

மாடியைப் பற்றி: வரும், ஆனால் பாடு அதிகம். தரையில் இருக்கும் வேர் மண்ணின் ஆழத்தில் குளிர்ச்சியைத் தேடிக்கொள்ளும். தொட்டியில் இருக்கும் வேருக்கு அந்த வழி இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் மேற்குப் பக்கத்தை மே மாதம் நான்கு மணிக்குத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காது. அந்தப் பக்கத்து வேர்கள் அவிந்துதான் போகும். வைப்பதானால் 14 அங்குலத்துக்குக் குறையாத மண்தொட்டியில், தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வைத்து, சாக்கைச் சுற்றி நனைத்து, மேற்குப் பக்கம் மட்டும் பச்சை நிழல்வலையைத் திரைபோலத் தொங்க விடுங்கள். தலைக்கு மேலே ஆண்டு முழுவதும் வலை கட்டினால் செடி நீளும், பூ குறையும். தொட்டிக்குப் பட்டன் ரோஜா வகைகளே பொருத்தம்.

அடுத்தது மண்ணும் நீரும். இதைப் பலர் கேட்பதே இல்லை, நீங்கள் கேட்காமலே விவரம் எழுதிவிட்டீர்கள்: போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிறது, மண் காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூக்கிறது. மணிகண்டம் வட்டாரத்தின் பல பகுதிகளில் களர் நிலம் இருப்பது தெரிந்த செய்திதான். ஸ்ரீரங்கத்துக் காவிரி வண்டலில் ஒரு குச்சியை நட்டாலே துளிர்க்கும் என்று உங்கள் உறவினர் சொல்வதை இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. களர் மண்ணில் சோடியம் அதிகமாகி மண் துகள்கள் இறுகிவிடுவதால் நீர் கீழே இறங்காது. காரத்தன்மை மிகுவதால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. உங்கள் செடியின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதற்கு அதுதான் காரணம். வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்ட், சுண்ணாம்புக் கழிவு மண்ணோடு கலந்திருந்தால் கோளாறு இன்னும் கூடும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது சுண்ணாம்புச்சத்து, காரமான மண்ணில் அது கரையவும் கரையாது, கரைந்தாலும் உங்கள் செடிக்கு வேண்டியது அதுவல்ல. நிறுத்திவிடுங்கள்.

முன்புறத் துண்டு நிலத்தில் ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழிகளைத் தோண்டி, எடுத்த மண்ணை மீண்டும் போடாமல், வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணோடு குழி ஒன்றுக்கு நன்கு மட்கிய தொழுவுரம் 10 கிலோவும், இரண்டு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். பாத்தியைச் சுற்றிச் செங்கல் அடுக்கித் தரைமட்டத்துக்கு மேலே ஓரடி உயர்த்திக்கொண்டால், ஐப்பசி மழையில் வேர் நீரில் ஊறாது. நவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரி உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. ஒருமுறை மண்ணையும் போர் தண்ணீரையும் பரிசோதித்துவிட்டு, களரைத் திருத்த ஜிப்சம் இட வேண்டுமா, எவ்வளவு என்பதை அந்த முடிவைப் பார்த்துத் தீர்மானியுங்கள். கண்ணளவில் ஜிப்சம் போடுவது வீண் செலவு. மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைக்க வழியிருந்தால் ரோஜாவுக்கு அதைவிட நல்ல நீர் இல்லை. ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் நீரிலும் உப்பு கிடையாது, தாராளமாக ஊற்றலாம். ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். உங்கள் போர் தண்ணீரில் உள்ள உப்பெல்லாம் அதில் செறிந்து நிற்கிறது.

இனி ரகங்கள். தினம் நாலு பூ என்பது உங்கள் தேவை. பூச்சாடியில் வைக்கும் நீண்ட காம்புப் பூ அல்ல. அப்படியானால் முதலிடம் எட்வர்டு ரோஜாவுக்கு. நர்சரியில் பன்னீர் ரோஜா என்று கேட்டாலும் பல இடங்களில் இதையே எடுத்துக் கொடுப்பார்கள். இளஞ்சிவப்பு நிறம், நல்ல வாசம், கொத்துக் கொத்தான பூ. சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் இயற்கையாகக் கலந்து, இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்த வழியைச் சேர்ந்தது இது. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் பலவற்றுக்குக் குளிர்காலம் ஒன்று கடந்தால்தான் மொட்டு வைக்கத் தோன்றும். சீன ரோஜாவின் வழி வந்தவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, துளிர்க்கும்போதெல்லாம் பூக்கும். வெப்ப நாட்டில் ஒரு ரோஜா தேறுமா என்று பார்க்க, அதன் பூவின் அழகைவிட இந்தப் பூர்வீகமே நல்ல வழிகாட்டி. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சமவெளிக்குப் பரிந்துரைப்பதும் இந்த எட்வர்டு ரோஜாவையும் ஆந்திரச் சிவப்பு ரோஜாவையும்தான். ஆந்திரச் சிவப்பில் வாசம் குறைவு, ஆனால் பூ எண்ணிக்கைக்குப் பஞ்சமில்லை. இவை இரண்டும் குச்சி நட்டு வேர்விட்ட செடிகளாகவே கிடைக்கும். ஒட்டு இல்லாததால், கடுங்கோடையில் மேற்பகுதி காய்ந்தாலும் அடியிலிருந்து அதே ரோஜா மீண்டும் துளிர்க்கும். எட்வர்டு இரண்டும் ஆந்திரச் சிவப்பு இரண்டும் நடுங்கள். எட்வர்டு புதராக விரியும், ஆகவே 4 அடி இடைவெளி கொடுங்கள்.

ஆசைக்கு ஒன்றிரண்டு பெரிய பூ வேண்டாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம். 1954இல் வந்த குயீன் எலிசபெத் என்ற இளஞ்சிவப்பு ரகம் முரட்டு வளர்ச்சி உடையது, நம் வெயிலுக்கு ஈடுகொடுக்கும். வெள்ளையில் 1958இல் ஜெர்மனியில் உருவான ஐஸ்பெர்க் நன்றாகப் பூக்கும்; மழைக்காலத்தில் மட்டும் கரும்புள்ளிக்குக் கண்காணிக்க வேண்டும். கறுஞ்சிவப்பில் உங்களுக்கு விருப்பம் அதிகம் என்று தெரிகிறது, அதில் எச்சரிக்கை தேவை. அடர்நிற இதழ் வெயிலை அதிகம் உறிஞ்சுவதால், பங்குனி பிறந்ததும் இதழ் ஓரம் கரி பட்டதுபோல் கருகும். மிஸ்டர் லிங்கன் போன்ற ரகத்தின் வாசத்துக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால் வையுங்கள், மாசி வரை அது ஏமாற்றாது. இதழ் மிகவும் நெருங்கிய, கிண்ணம்போன்ற ஆங்கிலத் தோட்ட ரோஜாக்கள் படத்தில்தான் அழகு. இங்கே பாதி விரிந்த நிலையிலேயே வாடிவிடும். ‘டெல்லியில் 45 பாகையிலும் நிற்கிறது’ என்று சொல்லி விற்கும் ரகங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். டெல்லிச் செடிக்கு ஆண்டில் இரண்டு மாதமாவது நல்ல குளிர் கிடைக்கிறது, நம் செடிக்கு அது இல்லை. வெப்ப நிலத்துக்கென்றே ரோஜாக்களை உருவாக்கும் முயற்சி நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. கொடைக்கானலைச் சேர்ந்த எம். எஸ். வீரராகவன், இந்திய மண்ணில் இயல்பாக வளரும் ரோசா கிளைனோஃபில்லா, ரோசா ஜைகான்டியா ஆகிய காட்டு ரோஜாக்களைக் கொண்டு பல கலப்பினங்களை உருவாக்கினார். சாதாரண நர்சரிகளில் அவை எளிதில் அகப்படுவதில்லை. கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

வாங்கும்போது மலையிலிருந்து வந்த செடியைத் தவிர்த்து, உள்ளூர் நர்சரியில் குறைந்தது ஒரு மழைக்காலத்தைத் திறந்த வெளியில் கழித்த செடியைக் கேளுங்கள். ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வந்து நேற்று இறங்கிய செடி, நிழலில் வைத்திருப்பதால் தளதளவென்று பூவோடு இருக்கும்; அதற்குப் பக்கத்தில் பூ இல்லாமல், இலை தடித்து, அடியிலிருந்து மூன்று கிளை விட்டு நிற்பதே நீங்கள் எடுக்க வேண்டியது. நடுவதற்குப் புரட்டாசி நடுப்பகுதி ஏற்றது. வெப்பம் தணியத் தொடங்கியிருக்கும், பெருமழைக்கு முன் வேர் பிடிக்கவும் நாள் கிடைக்கும். ஒட்டுச்செடியாக இருந்தால் ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரிய வேண்டும். அதை மண்ணுக்குள் புதைக்கச் சொல்லும் அறிவுரை, தரை உறைந்துபோகும் நாடுகளுக்கு உரியது. இங்கே புதைத்தால் அழுகும்.

உங்கள் ஆளுயரச் செடி இந்த ஒட்டு விவகாரத்தைச் சேர்ந்ததுதான். செடியின் அடியில் மண்ணைச் சற்று விலக்கிப் பாருங்கள். முண்டுபோல் தடித்த ஓரிடம் இருக்கும். சில சமயம் ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடாவின் துண்டுகூட ஒட்டிக்கொண்டிருக்கும். உயரமாய்ப் போகும் அந்தக் கிளை முண்டுக்குக் கீழேயிருந்து புறப்பட்டிருந்தால், நீங்கள் வளர்த்து வருவது, ரோஜாவை ஒட்டுக்கட்ட அடியில் பயன்படுத்திய வேர்ச்செடியை. வாங்கிய ரோஜா எப்போதோ போய்விட்டது. இலைக்காம்பின் அடியில் சீப்புப் பற்கள்போல் கிழிந்த சிறு செதில்கள் இருந்தால், அது மல்டிஃப்ளோரா என்ற காட்டு இனத்தின் அடையாளம். குளிர் போதாத உங்கள் ஊரில் அது பூக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. முண்டுக்கு மேலே உயிருள்ள கிளை ஏதாவது பச்சையாக இருந்தால் மட்டும், கீழிருந்து வந்ததை வெட்டாமல், அது வேரில் புறப்படும் இடம்வரை தோண்டிப் பிய்த்தெடுங்கள். வெட்டினால் ஒன்று போய் நான்காக வரும். மேலே எதுவும் மிஞ்சவில்லை என்றால் செடியையே எடுத்துவிடலாம்.

பூக்கும் பருவத்துக்கான கவாத்தை மழை ஓய்ந்த பிறகு, கார்த்திகைக் கடைசியில் செய்யுங்கள். மழை நடுவில் வெட்டினால் வெட்டுவாய் வழியே நுனிக்கருகல் இறங்கும். மெலிந்த, குறுக்கே ஓடும், காய்ந்த கிளைகளை நீக்கி, மற்றவற்றை ஒன்றரை அடிக்குக் குறைத்து, உரமிட்டு நீர் பாய்ச்சினால், 45 நாள் அளவில், தை மாத நடுவில் முதல் சுற்றுப் பூ வரும். முதல் ஆண்டுச் செடிக்கு இந்த வெட்டு வேண்டாம், நுனி கிள்ளினால் போதும். பங்குனிக்குப் பிறகு கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிடுங்கள். இலையை இழந்த தண்டு வெயிலில் வெந்து பட்டை வெடிக்கும். சித்திரை, வைகாசியில் உரம், குறிப்பாக யூரியா, கூடவே கூடாது. அப்போது வரும் மொட்டுகளைச் சிறியதாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். அவை காலையில் விரிந்து மாலையில் உதிரும் பூக்கள்தான், அவற்றால் செடிக்குச் சோர்வே மிச்சம். கரும்புச் சோகையையோ தென்னை நார்க்கழிவையோ மூன்று அங்குலம் மூடாக்காகப் போட்டு, தண்டைச் சுற்றி ஒரு கையகலம் மட்டும் வெறுமையாக விடுங்கள். தினம் தெளித்து நனைப்பதைவிட, இரண்டு நாளுக்கு ஒருமுறை அதிகாலையில் ஆழமாக நீர் இறங்கும்படி விடுவதே நல்லது. இலையின் அடிப்பக்கம் பொடிப்பொடியாய் வெளிறி, மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது செஞ்சிலந்தி. மருந்துக்கு ஓடுமுன், வாரம் இருமுறை காலையில் குழாய் நீரை இலையடியில் பீய்ச்சி அடித்துப் பாருங்கள்.

இப்போது ஆனி மாதம். மஞ்சள் இலையோடு நிற்கும் அந்த ஒரு செடியை இந்தக் காற்றில் இடம் மாற்ற வேண்டாம். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் மழைநீரிலோ ஏ.சி. நீரிலோ கரைத்து, ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து, வெயில் இறங்கியபின் இலையின் இருபுறமும் படும்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தெளியுங்கள். சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை போகாது, பழைய சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். பழுத்த இலை திரும்பப் பச்சையாகாது. புதிதாக வரும் துளிர் பச்சையாக இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். மூன்று தெளிப்புக்குப் பிறகு துளிர் பச்சையாக வந்தால், புரட்டாசியில் வேர்மண் உதிராமல் அதைத் தோண்டி எடுத்து, முன்புறத்தில் எட்வர்டுகளுக்குப் பக்கத்தில் நடலாம். வராவிட்டால் அந்தக் குழியை இன்னோர் ஆந்திரச் சிவப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.